61 வயசுல முதல் படம்: சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் பத்தி பேசலாம் வாங்க

ராத்திரிக்காட்சி எழுதியது:

தொண்ணூறுகள்ல வீட்ல கேபிள் இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பகல் பூரா கார்ட்டூன் நெட்வொர்க் ஓடும், ராத்திரியானா அதே சேனல் டிஎன்டியா மாறி பழைய ஹாலிவுட் படமா போடுவான். டாம் அண்ட் ஜெர்ரி முடிஞ்சும் டிவிய அணைக்காம உக்காந்திருந்ததுல பிடிச்சதுதான் எனக்கு இந்த பைத்தியம். சப்டைட்டில் கிடையாது, பாதி வசனம் புரியாது. அப்படி ஒரு ராத்திரி ஒரு குண்டு மனுஷன், வயித்துல கடிகாரச் சங்கிலி, சோஃபாவ அடைச்சு உக்காந்துட்டு குலுங்கி குலுங்கி சிரிச்சுகிட்டே ஏதோ கதை சொல்றார், எதிர்ல ஹம்ஃப்ரி போகார்ட். ஒரு எழவும் புரியல, ஆனா இந்த ஆள் சிரிச்சா யாருக்கோ ஆப்பு ரெடியாகுதுன்னு மட்டும் புரிஞ்சுது.

படம் த மால்டீஸ் ஃபால்கன், 1941. ஆள் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், இங்கிலாந்துல கென்ட் பக்கம் பொறந்தவர், 1879 டிசம்பர். கணக்கு போட்டுக்கோங்க, அந்தப் படம் எடுக்கும்போது வயசு 61, அதுதான் சினிமா கேமராவுக்கு முன்னாடி அவர் நின்ன முதல் தடவை, முதல் படத்துக்கே ஆஸ்கார் நாமினேஷன். அதுக்கப்புறம் 1949 வரைக்கும் மொத்தம் 24 படம், அவ்ளோதான், கடைய மூடிட்டார்.

போன வாரம் ஒரு ஃபிரெண்டோட சண்டை. "அவர் எல்லா படத்துலயும் ஒரே சிரிப்பு, ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே ரோல்தானடா"ங்கறான். எனக்கு ஒத்துக்க மனசு வரல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. பாத்தவங்க சொல்லுங்க.

மதுரைக்காரன்_72 எழுதியது:

இவரப் பத்திதான் வாட்ஸப்ல ஒரு ஃபார்வேர்டு வந்துச்சுண்ணே, "61 வயதில் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர், நீங்கள் ஏன் சோர்ந்து போகிறீர்கள்"னு, கீழ சூரியன் உதிக்கிற படம் வேற. ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா அத பாத்துட்டு ஒரு வாரம் நடிப்பு கிளாஸ் எங்க இருக்குன்னு விசாரிச்சுட்டு இருந்தாரு, பெரியம்மா போட்ட சத்தத்துல அடங்கிட்டாரு 😂

நாடகமேடை எழுதியது:

அந்த ஃபார்வேர்ட கண்டாலே எனக்கு பத்திகிட்டு வரும் தம்பி. 61ல தொடங்கினாராம்! அவர் மேடை ஏறினது 1902, ராம்ஸ்கேட் ஊர்ல ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்துல கொலைகாரன் வேஷம். பென் கிரீட்னு ஷேக்ஸ்பியர் நாடகக் கம்பெனி நடத்தினவர்கிட்ட பாடம் கத்துகிட்டு அந்தக் கம்பெனியோட ஊர் ஊரா போயி 1905ல நியூயார்க் மேடை. அதுலேர்ந்து எண்ணினா ஃபால்கன் வரைக்கும் கிட்டத்தட்ட 40 வருஷம். நடுவுல ஷேக்ஸ்பியரும் பண்ணினார், பாட்டு நாடகமும் பண்ணினார். 1933ல நியூயார்க் பிராட்வே மேடைல ராபர்ட்டான்னு ஒரு மியூசிக்கல், அதுல ஒரு பிரபுவா வர்றார், அதே மேடைல அப்போ பேர் தெரியாத பையனா பாப் ஹோப். அப்புறம் ஆல்ஃப்ரெட் லன்ட், லின் ஃபான்டேன்னு புருஷன் பொண்டாட்டி ஜோடி, அமெரிக்க நாடக உலகத்துல அன்னிக்கு அவங்களுக்கு மிஞ்சி ஆள் கிடையாது, அவங்க செட்டுல முப்பதுகள்ல பெரும்பாலும் இவர் இருந்தார். 1940ல தேர் ஷேல் பி நோ நைட்னு ஃபின்லாந்து போர் பத்தின நாடகம், இவர் அதுல வால்டெமார் மாமா, அந்த வீட்டுப் பையனா நடிச்சது மான்ட்கோமரி கிளிஃப்ட்.

நானும் முப்பது வருஷம் அமெச்சூர் ட்ரூப்ல கெடந்தவன், அதனால சொல்றேன், சினிமாக்காரன் கண்ணுக்கு நாடகக்காரன் எப்பவும் "புதுமுகம்"தான். நாப்பது வருஷம் கடைசி வரிசைக்கு குரல் கேக்கணும்னு கத்தினவனுக்கு கேமரா பக்கத்துல வந்ததும் என்ன செய்யணும்னு தெரிஞ்சுது பாருங்க, அதுதான் இங்க விஷயம்.

ராத்திரிக்காட்சி எழுதியது:

சார் இதெல்லாம் எனக்கு தெரியவே தெரியாது. ஃபால்கன் டைரக்டர் ஜான் ஹூஸ்டன் எப்படி புடிச்சார் இவர?

நாடகமேடை எழுதியது:

லன்ட் கம்பெனி நாடகம் போட லாஸ் ஏஞ்சலஸ் வந்தப்போ மேடைல பாத்ததுதான். ஹூஸ்டனுக்கும் அது டைரக்டரா முதல் படம். அந்த நாவல வார்னர் கம்பெனி ஏற்கனவே ரெண்டு தடவ படமா எடுத்து ஒண்ணும் பெருசா எடுபடல, ஜார்ஜ் ராஃப்ட் ஹீரோவா நடிக்க மாட்டேன்னுட்டார், அதனாலதான் போகார்டுக்கு வந்துச்சு. அதாவது எல்லாரும் ஒரு வகைல இரண்டாந்தர சாமானா சேந்த செட்டு. ஹீரோயின் மேரி ஆஸ்டர் தன் சுயசரிதைல எழுதியிருக்காங்க, முதல் நாள் ஷூட்டிங்ல இந்த மலை மாதிரி மனுஷன் அவங்ககிட்ட வந்து கொஞ்சம் என் கைய புடிச்சுக்கோம்மா, நான் முட்டாள்தனமா ஏதும் பண்ணிட மாட்டேன்னு சொல்லுன்னு கேட்டாராம். நாப்பது வருஷ மேடை அனுபவம், கை நடுங்குது. எனக்கு அத படிச்சப்போ அவர் மேல ஒரு தனி மரியாதை வந்துச்சு.

அட்டன்_மழை எழுதியது:

எல்லாரும் ஒரு விசயத்த விட்டுட்டீங்களே. இவரு நடிக்க வர்றதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு தேயிலைத் தோட்டக்காரரா வந்தவரு!! 18 வயசுல பணம் சம்பாதிக்கலாம்னு சிலோனுக்கு கப்பல் ஏறி வந்து, வறட்சில எல்லாம் போயி, திரும்பி இங்கிலாந்துக்கே ஓடினாரு. அங்க போயி பீர் ஆலைல மேனேஜர் வேல, போரடிக்குதுன்னு சாயங்காலம் நடிப்பு கிளாஸ், அப்படித்தான் நாடகத்துக்குள்ள வந்தாரு.

நான் மலையகம், எங்க பாட்டி பத்து வயசுலேர்ந்து கொழுந்து எடுத்தவங்க. 1870கள்ல கோப்பிக்கு நோய் விழுந்து தோட்டமெல்லாம் செத்ததும் தேயில போட ஆரம்பிச்சாங்க, தொண்ணூறுகள்ல (1890கள்) அது நல்லா புடிச்சுகிச்சு, அப்ப இங்கிலாந்துலேர்ந்து சின்னப் பயலுக கூட்டம் கூட்டமா வந்தானுக, தொழில் பழகற பையனுக்கு கிரீப்பர்னு பேரு, அப்புறம் சின்னத்தொர, அப்புறம் பெரியதொர. காலைல ஆளுக கூடற பெரட்டுக்களத்துல நின்னு கங்காணி பேர் கூப்புடறத எண்ணணும், தேயிலச் செடிய கவ்வாத்து எப்ப வெட்டணும்னு தெரியணும், எல்லாத்துக்கும் மேல தமிழ் தெரியணும். தோட்டத்துல வேல செய்யற சனம் பூரா தமிழ்தானே, தொரைமாரு தமிழ் பழகுறதுக்குன்னே தனியா புத்தகம் போட்டிருந்தானுக. அதனால இந்த மனுசன் காதுலயும் நாலு தமிழ் வார்த்த கட்டாயம் விழுந்திருக்கும், அதுல மூணு கெட்ட வார்த்தையா இருக்கும்.

அவருக்கு வறட்சின்னா முதல் போச்சு, கப்பல் ஏறிட்டாரு. அதே வறட்சில லயத்துல (தொழிலாளிக வரிச வீடு) இருந்தவனுக்கு அன்னிக்கு பேரு விழல, அதாவது கூலி இல்ல, அரிசி இல்ல, திரும்பிப் போக கப்பலும் இல்ல. இத நடிகர கொற சொல்ல சொல்லல, படத்துல அவரு வெள்ள சூட்டும் விசிறியுமா வெக்கத்துல உக்காந்திருக்கறத பாக்குறப்ப எல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருது, நான் என்ன செய்ய.

மதுரைக்காரன்_72 எழுதியது:

அட்டன் அண்ணே வெக்கம்னா புழுக்கம்தானே? நாங்க இங்க வேற அர்த்தத்துல படிச்சு ஒரு நிமிசம் குழம்பிட்டோம் 😄 ஆனா இந்த சிலோன் மேட்டர் செம.

அட்டன்_மழை எழுதியது:

ஆமா தம்பி வெக்கைனு அடிக்க வந்தது, போன்ல அடிச்சா இப்புடித்தான்.

கறுப்புவெள்ளை எழுதியது:

முதல் கேள்விக்கு வரேன். ஒரே ரோல்தானான்னா, பாதி உண்மை. வார்னர் கம்பெனிக்காரங்க ஃபால்கன் ஓடினதும் "குண்டு வில்லன் இவர்தான்"னு முத்திரை குத்திட்டாங்க. அக்ராஸ் த பசிஃபிக்ல (1942) அதே போகார்ட், அதே மேரி ஆஸ்டர், அதே ஹூஸ்டன், இவர் ஜப்பானுக்கு வேலை பாக்கற டாக்டர். ஹூஸ்டன் நடுவுல ராணுவத்துக்கு போக வேண்டி வந்து வின்சென்ட் ஷெர்மன் முடிச்சு குடுத்தார், படத்தோட கடைசில அது நல்லாவே தெரியும். அப்புறம் காஸாப்ளாங்கால கறுப்புச் சந்தை ராஜா ஃபெராரி, தலைல துருக்கித் தொப்பி, கைல ஈ அடிக்கிற மட்டை. மொத்தமா சில நிமிஷம்தான் வர்றார். ஆனா கவனிச்சு பாருங்க, ஊர விட்டுப் போற விசாவுக்கு அல்லாடற ஜோடிகிட்ட வியாபாரம் பேசற மாதிரி ஆரம்பிச்சு, எந்த லாபமும் இல்லாம துப்பு குடுத்து அனுப்பறார், நான் ஏன் இத செய்யறேன்னு எனக்கே தெரியலங்கற மாதிரி ஒரு மூஞ்சி, உடனே மட்டையால ஈய அடிக்கிறார். நல்லவனா இருந்துட்ட கூச்சத்த ஈ மேல காட்டறார். வில்லன் வேஷத்துக்குள்ள இதெல்லாம் வெக்கிறதுக்கு ஆள் வேணும்.

ஆனா "ஒரே ரோல்"னு சொல்றவங்க பொதுவா இந்த ரெண்டு மூணு படத்தோட நிறுத்தினவங்க. கிறிஸ்மஸ் இன் கனெக்டிகட் (1945) பாருங்க, பத்திரிகை முதலாளி யார்ட்லியா வந்து சுத்தமான காமெடி, சாப்பாட்டு மேல ஆசைப்பட்டு பார்பரா ஸ்டான்விக் வீட்டுக்கு விருந்துக்கு வந்து உக்காந்துக்கற முதலாளி, அவங்களுக்கு சமைக்கவே தெரியாதுன்னு இவருக்கு தெரியாது. அதே வருஷம் கான்ஃப்ளிக்ட்ல போகார்ட்தான் பொண்டாட்டிய கொன்னவன், அவன புடிக்கிற சைக்யாட்ரிஸ்ட் இவர். வேஷம் அப்படியே தலைகீழ். டிவோஷன்ல (1946) எழுத்தாளர் தாக்கரே.

நாடகமேடை எழுதியது:

ஃபால்கனுக்கு அடுத்து வந்த படத்த மறந்துட்டீங்க. தே டைட் வித் தெயர் பூட்ஸ் ஆன், எர்ரோல் ஃப்ளின் படம், இவர் ஜெனரல் வின்ஃபீல்டு ஸ்காட். ஹோட்டல்ல உக்காந்து அவருக்கு பிடிச்ச வெங்காயக் கறி கேக்கறார், தீந்து போச்சுங்கறான் சர்வர். பக்கத்து மேஜைல இருக்கற சின்ன ஆபீசர் தன் தட்டுல இருக்கறத பங்கு போடறான், அதோட அந்தப் பையன் தலைவிதியே மாறுது. அந்த வெங்காயத்த பாத்ததும் இவர் மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, பந்தில அப்பளம் ரெண்டாவது தடவ வந்தா நம்ம பெரியவங்க மூஞ்சில வருமே அது. வில்லத்தனம் ஒரு துளி கிடையாது.

யாழ்ரசிகை எழுதியது:

நான் கனகாலமா இந்த இழைய வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், இப்பதான் எழுதுறன். பீற்றர் லோரே பற்றி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லையே? எனக்கு கிறீன்ஸ்ரீற் எண்டா லோரேயும் சேந்துதான். அவர் ஒரு மலை, இவர் ஒரு எலி. ஒம்பது படத்தில ரெண்டு பேரும் இருக்கினம். அதில எனக்கு பிடிச்சது த மாஸ்க் ஒஃப் டிமிற்றியோஸ், 1944. அதில ரெண்டு பேரும்தான் கதாநாயகர் மாதிரி, வடிவான ஆம்பிளை கதாநாயகன் எண்டு ஒருத்தரும் இல்லை. லோரே துப்பறியும் கதை எழுதுற ஆள், கிறீன்ஸ்ரீற் அவரைப் பின்தொடருற மர்ம மனுசன் பீற்றர்ஸ். போற இடமெல்லாம் இந்த உலகத்தில அன்பு போதாது எண்டு ஒரு பெருமூச்சோட சொல்லிக்கொண்டு, கையில துவக்கையும் வச்சிருப்பார். முதல் தரம் கேட்டால் சிரிப்பு வரும். கடைசியில பொலிஸ் கூட்டிக்கொண்டு போகேக்க திரும்பச் சொல்லுவார், அப்ப சிரிப்பு வராது. அதே வசனம்தான்.

கறுப்புவெள்ளை எழுதியது:

அக்கா அருமையா சொன்னீங்க. லோரேவுக்கும் இவருக்கும் 25 வயசு வித்தியாசம். லோரே ஜெர்மன் சினிமால பேர் வாங்கிட்டு ஹிட்லருக்கு தப்பி வந்தவர், கேமராக்குள்ள கண்ண மட்டும் அசைச்சே காரியம் முடிக்கிற ஆள். இவர் மேடை ஆள், ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே செதுக்கி வெச்சு பேசறவர். ரெண்டு ஸ்கூலும் ஒரே ஃப்ரேம்ல மோதறதுதான் அந்த ஜோடி.

அதோட த வெர்டிக்ட் (1946) பாக்காதவங்க பாருங்க, டான் சீகல் இயக்கின முதல் முழுநீளப் படம். 1890 லண்டன், மூடுபனி, இவர் ஸ்காட்லாந்து யார்டு சூப்பரின்டெண்டென்ட். நிரபராதி ஒருத்தன தூக்குல போட காரணமாயிட்டார்னு வேலை போயிடும். அந்த முதல் பத்து நிமிஷத்துல அந்தப் பெரிய உடம்பு எப்படி சுருங்குதுன்னு பாருங்க, கோட்டு அதே கோட்டுதான், ஆனா பெருசான மாதிரி இருக்கும். மேல சொன்னா ஸ்பாய்லர். அந்த வருஷமே த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ், அதுல கவுரவமான வக்கீல், கட்சிக்காரரோட சொத்துல கைய வெச்சுட்டு ஒரு லாட்டரி சீட்ட நம்பி உக்காந்திருக்கார். கொஞ்சம் கொஞ்சமா புத்தி பேதலிக்கிறத பாத்தா இவரா அந்த குலுங்கி சிரிச்ச மனுஷன்னு இருக்கும். என் ஓட்டு, அவரோட சிறந்த நடிப்பு ஃபால்கன் இல்ல, இதுதான்.

மதுரைக்காரன்_72 எழுதியது:

அதெல்லாம் இருக்கட்டும், நாகசாகில போட்ட குண்டுக்கு இவர் பேருன்னு சொல்றாங்களே அது உண்மையா? நான் சர்ச்சில் பேர்ல வெச்சதுன்னு படிச்சிருக்கேன்.

கறுப்புவெள்ளை எழுதியது:

ரெண்டும் சுத்தி சுத்தி ஒரு இடத்துலதான் வந்து நிக்கும். அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல இருந்த ராபர்ட் செர்பர்ங்கற விஞ்ஞானி, தான்தான் பேர் வெச்சேன்னு சொல்லியிருக்கார். நீளமா ஒல்லியா இருந்ததுக்கு தின் மேன், டேஷியல் ஹாமெட் நாவல் பேர். உருண்டையா இருந்ததுக்கு ஃபேட் மேன், ஃபால்கன் படத்துல கிரீன்ஸ்ட்ரீட் பண்ணின குட்மன் வேஷத்த மனசுல வெச்சு. ஃபால்கன் நாவலும் ஹாமெட்தான். விமானப்படைக்காரங்க போன்ல பேசும்போது யாராவது ஒட்டுக் கேட்டா ரூஸ்வெல்ட்டுக்கும் சர்ச்சிலுக்கும் ப்ளேன்ல இடம் செய்யறாங்கன்னு நினைச்சுக்கட்டும்னு அந்தப் பேர பயன்படுத்திக்கிட்டாங்க, சர்ச்சில் கதை அங்கேர்ந்து வந்தது. ஒல்லிக் குண்டு 1944லயே கைவிட்டாச்சு. உருண்டை 1945 ஆகஸ்ட் 9ல விழுந்துச்சு.

யாழ்ரசிகை எழுதியது:

இதுக்குப் பிறகு அந்தப் படத்தை நான் எப்பிடிப் பாக்கிறது சொல்லுங்கோ.

ராத்திரிக்காட்சி எழுதியது:

ஆஸ்கார் பத்தி ஒண்ணு. ஃபால்கனுக்கு நாமினேட் ஆகி தோத்தது டொனால்ட் கிரிஸ்ப்கிட்ட, ஹவ் கிரீன் வாஸ் மை வேலி படத்துக்காக. அவரும் இங்கிலாந்து ஆள்தான், லண்டன்ல பொறந்துட்டு வாழ்நாள் பூரா ஸ்காட்லாந்துக்காரர்னு சொல்லிட்டு திரிஞ்சவர். அப்போ ஹாலிவுட்ல இந்த பிரிட்டிஷ் கூட்டமே ஒரு தனி காலனி மாதிரி இருந்திருக்கு. ஆப்ரி ஸ்மித்னு ஒரு தாத்தா, கர்னல் வேஷம்னா அவர்தான், அவர் 1889ல தென்னாப்பிரிக்கால இங்கிலாந்து டெஸ்ட் டீமுக்கு கேப்டன், ஆடினதே ஒரே டெஸ்ட், அதுல முதல் இன்னிங்ஸ்ல 19 ரன்னுக்கு 5 விக்கெட்! அப்புறம் போயி ஹாலிவுட் கிரிக்கெட் கிளப் ஆரம்பிச்சார். நம்ம ஆளுங்க துபாய்ல டீம் சேக்கற மாதிரி.

மதுரைக்காரன்_72 எழுதியது:

ஒரு டெஸ்ட்ல கேப்டனாவும் இருந்து அஞ்சு விக்கெட்டும் எடுத்துட்டு சினிமாவுக்கு போன ஆளா?? இதுக்கே தனி இழை போடணும்ணே.

நாடகமேடை எழுதியது:

கிரிக்கெட் பக்கம் போனா இழை திரும்பி வராது, நிறுத்துங்க 🙏

"ஒரே சிரிப்பு"ன்னு சொன்ன அந்த ஃபிரெண்டுக்கு நான் ஒரு பதில் வெச்சிருக்கேன். ஃபால்கன்ல குட்மன் போகார்டுக்கு மயக்க மருந்து கலந்த விஸ்கி குடுக்கற சீன். மால்டா வீரர்கள், 1539, ஸ்பெயின் ராஜாவுக்கு தங்கப் பறவைன்னு நீளமா வரலாறு சொல்றார். கத நமக்கு முக்கியம், அவருக்கு முக்கியமில்ல, மருந்து வேலை செய்ய நேரம் வேணும், அவ்ளோதான். மேடைல இத "நேரத்த தின்னறது"ன்னு நாங்க சொல்லுவோம், அடுத்த ஆள் உள்ள வர லேட்டானா நிக்கறவன் பேசி நிரப்பணும். கேமரா கீழேர்ந்து மேல பாக்குது, ஆர்தர் எடிசன் ஒளிப்பதிவு, வயிறு மலை மாதிரி நிக்குது, சங்கிலி மினுங்குது. இப்ப சிரிப்ப கவனிங்க. சாதாரணமா நடிகன் வசனத்த முடிச்சுட்டு சிரிப்பான். இவர் சிரிப்பு முதல்ல வரும், மூச்சு இழுத்து தொண்டைல ஒரு உருட்டல், அதுமேல ஏறித்தான் வாக்கியம் வரும். பெரிய உடம்புக்காரனுக்கு மூச்சு பத்தாது, அந்தக் குறைய தாளமா மாத்திட்டார். மேடைல நாப்பது வருஷம் நின்னவனுக்குத்தான் இது வரும், 61 வயசுல திடீர்னு கண்டுபிடிச்சது இல்ல.

இன்னொண்ணு, கடைசி சீன். பறவைய கத்தியால சுரண்டறார், சுரண்டறார், ஈயம்னு தெரியுது. லோரே கத்தி அழறான். இவர் சிரிப்பு அங்க நின்னு போகுது, விரல் காலர்க்குள்ள போகுது, மூச்சு முட்டுது. 17 வருஷம் தேடினது. கொஞ்ச நேரம் அந்த முகத்துல ஒண்ணுமே இல்ல. அப்புறம் சரி, மறுபடி தேடுவோம்னு அந்த உருட்டல் திரும்பி வருது பாருங்க, அது முதல்ல கேட்ட சிரிப்பு இல்ல. தொப்பிய போட்டுட்டு கிளம்பறார். ஒரே சிரிப்பாம்! காது கேக்காதவன் சொல்றது.

கிள்ளான்வாசி எழுதியது:

வணக்கம், மலேசியாவிலிருந்து. அவரோட கடைசி படம் பேரே மலாயாதான், 1949, ஸ்பென்சர் டிரேசி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரெண்டு பேரும் இருப்பாங்க. ஜப்பான்காரன் காலத்துல மலாயா ரப்பர கடத்திட்டு போற கதை, கிரீன்ஸ்ட்ரீட் அங்க பார் வெச்சிருக்கற டச்சுக்காரர், கூட ஒரு பறவை. எல்லாம் ஹாலிவுட் செட்தான், நம்ப நாட்டு மழை ஒரு சொட்டு கூட அதுல இல்ல லா. எங்க அப்பா ஆளுங்க பால்மரம் வெட்டுன எஸ்டேட்டு வாழ்க்கை தெரிஞ்சவனுக்கு, ரப்பர் ரப்பர்னு படம் பூரா பேசறாங்க, அத வெட்டுன தமிழன் எங்கன்னு தேடத்தான் தோணும். ஆனா அட்டன் நண்பர் எழுதினத படிச்சதும் ஒண்ணு தோணுச்சு, தேயிலைல தோத்து ஆரம்பிச்ச மனுஷன் ரப்பர்ல வந்து முடிச்சிருக்கார்.

அட்டன்_மழை எழுதியது:

ரெண்டு பக்கமும் நம்ம ஆளுக கைதான் கறை புடிச்சது 🙂

கறுப்புவெள்ளை எழுதியது:

மலாயாவுக்கு முன்னாடி ரெண்டு படம் சொல்லியே ஆகணும். த ஹக்ஸ்டர்ஸ் (1947), எம்ஜிஎம், கிளார்க் கேபிள் படம். இவர் சோப்பு கம்பெனி முதலாளி, விளம்பர ஆளுங்க எல்லாரும் நடுங்கிட்டு மேஜைய சுத்தி உக்காந்திருக்க, நடு மேஜைல எச்சி துப்பறார். அருவருப்பா இருக்குல்ல, ஆனா மறக்க மாட்டீங்கல்ல, விளம்பரம்னா இதுதான்கறார். நான் ஒரு காலத்துல விளம்பரக் கம்பெனில கிளையன்ட் மீட்டிங் எல்லாம் உக்காந்தவ, எச்சி துப்பாதது ஒண்ணுதான் குறை, மத்ததெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. கடைசில கேபிள் தண்ணி ஜக்க எடுத்து அவர் தலைல ஊத்துவார், அந்த சீனுக்கு நான் மட்டும் தனியா கை தட்டினேன்.

இன்னொண்ணு ஃப்ளமிங்கோ ரோட் (1949), அமெரிக்க தெற்கு ஊர், ஷெரிஃப் டைட்டஸ் செம்பிள். ஹோட்டல் வராண்டால நாற்காலி போட்டு உக்காந்தே ஊரு அரசியல் பூராத்தையும் ஆட்டி வெக்கிறார். இங்க சிரிப்பே கம்மி. இவர் உடம்பு அப்போ நிஜமாவே முடியல, சுகர், கிட்னி பிரச்சினை, அது தெரிஞ்சு பாத்தா நாற்காலிய விட்டு எழுந்திரிக்காத அந்த ஷெரிஃப் வேற மாதிரி தெரிவார். நடிகரோட சோர்வையே பாத்திரத்தோட திமிரா மாத்தி வெச்சிருக்காங்க. ஜோன் க்ராஃபோர்ட் மேல உள்ள வன்மம் மட்டும் எழுந்து நிக்கும்.

ராத்திரிக்காட்சி எழுதியது:

49க்கு அப்புறம் ஒண்ணுமே பண்ணலயா?

நாடகமேடை எழுதியது:

ரேடியோ. 1950-51ல நீரோ வுல்ஃப் தொடர், வீட்ட விட்டு நகராத குண்டு துப்பறிவாளர், ஆர்க்கிட் செடி வளப்பார், சாப்பாடுதான் பிரதானம். இதவிட பொருத்தமா வேஷம் அமையாது. உடம்ப காட்டாம குரல மட்டும் வெச்சு அந்த உடம்ப கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டார். கூட இருக்கற ஆர்ச்சி வேஷத்துக்குதான் ஆள் மாறிட்டே இருந்தாங்க. 1954 ஜனவரில போய்ச் சேந்தார், 74 வயசு.

அதோட டென்னசி வில்லியம்ஸ் ஒரு குறுநாடகத்த இவருக்கு சமர்ப்பணம் பண்ணி, முக்கிய வேஷத்த இவர நெனச்சுதான் எழுதினேன்னு முன்னாடியே போட்டிருக்கார். ஊர் ஊரா செருப்பு வித்து கிழவனாகிப் போன ஒரு சேல்ஸ்மேன் கத. வில்லன் கிடையாது, சிரிப்பு கிடையாது, காலம் மாறிடுச்சுன்னு புலம்பற மனுஷன். சினிமாக்காரங்க எல்லாம் இவர் வயித்த பாத்தப்போ ஒரு நாடகாசிரியர் வேற எதையோ பாத்திருக்கார். ஒரே ரோல்னா அது ஸ்டூடியோ குடுத்த ரோல், அவர்கிட்ட இருந்தது இல்ல.

யாழ்ரசிகை எழுதியது:

ஐயா, எண்டாலும் ஒண்டு சொல்லட்டோ. ஸ்ரூடியோ அந்த ஒரு வேசத்தை குடுக்காட்டி நாங்கள் ஒருத்தரும் இண்டைக்கு அவரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருக்க மாட்டம். அந்த லன்ற் கொம்பனி நாடகங்கள் ஒண்டையும் நாங்கள் பாக்கேல்லை, பாக்கவும் ஏலாது. நாப்பது வருசம் காத்தோட போயிட்டுது, எட்டு வருசம்தான் மிச்சம் இருக்கு.

நாடகமேடை எழுதியது:

அது என் வயித்துல அடிக்கிற மாதிரி உண்மைம்மா. நான் நடிச்ச நாடகம் ஒண்ணு கூட வீடியோவா என்கிட்ட இல்ல. நோட்டீஸ் நாலு இருக்கு, அதுலயும் பேர தப்பா போட்டிருக்கான்.

மதுரைக்காரன்_72 எழுதியது:

சார் அந்த நோட்டீஸ் போட்டோ எடுத்து இங்க போடுங்க, நாங்க பாக்கறோம். அப்புறம் எங்க பெரியப்பாவுக்கு இந்த இழைய அனுப்பிட்டேன், "அப்போ நாப்பது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணுமா"னு ஒரே வரி பதில் வந்துருக்கு.

ராத்திரிக்காட்சி எழுதியது:

😂😂 பெரியப்பாவுக்கு டென்னசி வில்லியம்ஸ் நாடகத்த குடுங்க.

நான் இப்போ ஃபால்கன் போட்டுட்டேன், ஹெட்ஃபோன்ல, சப்டைட்டில அணைச்சுட்டு, அன்னிக்கு பாத்த மாதிரியே. சார் சொன்ன சீன் வந்துச்சு. நிஜமாவே சிரிப்புதான் முதல்ல வருது, வாக்கியம் அதுமேல ஏறி வருது. ஃபிரெண்டுக்கு போன் போட்டேன், தூங்கிட்டு இருந்தவன எழுப்பி காதுல ஸ்பீக்கர வெச்சு கேக்க வெச்சேன். "மணி என்னடா இப்போ"ன்னுட்டு வெச்சுட்டான். இன்னும் பறவைய சுரண்டற சீன் வரல, பாத்துட்டு வரேன்.